மொன்ஸ்டர் பொம்மையில் தரம் எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் காலத்தில் தெருவோரக் கடைகளில் தொங்கும் விளையாட்டுச் சாமான்களுக்குள், ஜப்பானியப் படங்களில் வரும் இராட்சதப் பிராணி கொட்ஸில்லா மாதிரி ஒன்று எப்படியும் இருக்கும். பச்சை உடம்பு, சிவப்பு வாய், வயிற்றை அமுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம். விலை சில நூறு ரூபாய். அதே கொட்ஸில்லா, கிட்டத்தட்ட அதே உயரத்தில், சேகரிப்பவர்களுக்கென்று விற்பவர்களிடம் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. இரண்டும் பிளாஸ்டிக். இரண்டும் பெரும்பாலும் சீனாவில் வார்க்கப்பட்டவை. அப்படியென்றால் அந்தக் கூடுதல் காசு எதற்கு?

பெயருக்குக் கொடுக்கும் காசும் அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. கொட்ஸில்லாவின் உரிமை ஜப்பானின் டோஹோ நிறுவனத்திடம் இருக்கிறது. அனுமதி பெற்றுச் செய்பவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் விலை வைப்பார்கள். மீதிக் காசு வார்ப்பிலும் மூட்டிலும் வர்ணத்திலும் போயிருக்க வேண்டும். போயிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், பெட்டியில் பண்டாய், நெக்கா, ஹியா என்று எந்தத் தயாரிப்பாளரின் பெயர் இருந்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். மட்டக்களப்பில் இருந்து வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாங்கள் பெரும்பாலும் போனில் படத்தைப் பார்த்துத்தான் ஓடர் போடுகிறோம். தபால் செலவு, சுங்க வரி எல்லாம் கட்டி வந்து சேர்ந்த சாமானைத் திருப்பி அனுப்புவது லேசான காரியம் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? எந்தப் படத்துக் கொட்ஸில்லா என்ற கேள்வியில்.

1954 நவம்பரில் முதல் படம் வந்தது. அதற்குப் பிறகு முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் வந்துவிட்டன, உடம்பு ஒரே மாதிரி இருந்ததே இல்லை. முதல் படத்தில் உயரம் 50 மீற்றர், காலுக்கு நான்கு விரல், தலையில் சின்னக் காதுகள். 1962 இல் கிங் கொங்குடன் மோதிய படத்தில் காதைக் காணோம், கால்விரலும் மூன்றாகிவிட்டது. 1984 இல் காதும் நான்காவது விரலும் திரும்பி வந்தன. 2014 இன் ஹொலிவூட் கொட்ஸில்லாவுக்கு 108 மீற்றர் உயரம், தடித்த கழுத்து, உடம்போடு பார்த்தால் சின்னத் தலை. 2016 இன் ஷின் கொட்ஸில்லா 118.5 மீற்றர், குட்டிக் கண், சூம்பிய கைகள், முடிவே இல்லாததுபோல நீளும் வால். 2023 இல் வந்த மைனஸ் வன், காட்சி விளைவுகளுக்காக ஒஸ்கார் வாங்கிய படம், பழைய உயரத்துக்கே திரும்பி 50.1 மீற்றரில் நிறுத்தியது. பருத்த தொடைகளும் முதுகில் கூர்கூராக எழும் செதில்களும் அதன் அடையாளம்.

நல்ல தயாரிப்பாளர் பெட்டியிலேயே எந்த ஆண்டுப் படம் என்று போட்டுவிடுவார். மலிவுச் சாமானில் தலை ஒரு படத்திலிருந்தும் முதுகு இன்னொரு படத்திலிருந்தும் வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்கத் தேவையில்லை. அந்தப் படத்தின் காட்சி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சின்ன விவரங்கள் மங்கி, வெளிக்கோடு மட்டும் நிற்கும். கழுத்து தோளில் எப்படி இறங்குகிறது, தலை எவ்வளவு பெரிது, வால் எங்கே தடிக்கிறது எங்கே மெலிகிறது என்று அப்போது தெரியும். வெளிக்கோடு பிழையாக இருந்தால் அதன்மேல் ஆயிரம் செதில் செதுக்கினாலும் அது வேறு மிருகம்தான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலியன், பிரிடேட்டர் மாதிரி ஆள் உயரத்தில் இருப்பவற்றை ஒரே விகிதத்தில் செய்யலாம், ஒன்றோடொன்று வைத்தால் பொருந்தும். 50 மீற்றர் பிராணியையும் 118.5 மீற்றர் பிராணியையும் ஒரே விகிதத்தில் செய்தால் ஒன்று அலுமாரிக்குள் அடங்காது. அதனால் பெரும்பாலும் எல்லாமே 15 முதல் 18 சென்ரிமீற்றருக்குள் வரும். இதைக் குறை என்று எடுக்க வேண்டாம்.

வெளிக்கோட்டுக்கு அடுத்தது நிலை. பழைய கொட்ஸில்லா ஒரு மனிதன் உள்ளே நின்று ஆட்டிய உடுப்பு. படத்தின் சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த எய்ஜி சுபுராயாவின் குழு செய்த முதல் உடுப்பு ஏறத்தாழ 100 கிலோ என்று சொல்வார்கள். அதற்குள் நடந்தவர் ஹருவோ நகஜிமா. வடமோடிக் கூத்தில் அகன்ற, பாரமான கரப்புடுப்புக் கட்டிய அரசன் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: உடுப்பின் பாரமும் அகலமும்தான் நடையைத் தீர்மானிக்கின்றன. கொட்ஸில்லாவின் முழங்கால் அரைகுறையாகத்தான் மடிந்தது, பாதம் நிலத்தை விட்டு அதிகம் எழவில்லை, கழுத்து விறைப்பாக இருந்தது, வாலை மேலிருந்து கம்பி கட்டி இழுத்தார்கள்.

ஆகவே 1954 இன் உருவம் ஒன்றை வாங்கிவிட்டு முழங்கால் முழுதாக மடியவில்லையே என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. படத்தில் மடியாத கால் பொம்மையில் மடிந்து என்ன செய்யப்போகிறது? அதற்குத் தேவை கொஞ்சம் முன்னால் சரியும் இடுப்பு, ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கும் வசதி, தூக்கி வைத்தால் நிற்கும் வால். (1973 இல் மெகலொன் என்ற பிராணியோடு மோதிய படத்தில் வாலில் வழுக்கிக்கொண்டு வந்து இரண்டு காலாலும் உதைப்பார் எங்கள் ஆள். அதை நிறுத்திக் காட்ட விரும்புகிறவர்கள் வேறு பட்டியலில் சேர்ந்துகொள்ளலாம்.) கணினியில் உருவாக்கிய பிற்கால உடம்புகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே கழுத்து வளையாவிட்டால் அது குறைதான்.

இனி வார்ப்பு. இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

முதலாவது ஜப்பானியர் சோஃபுபி என்று சொல்லும் மென்வைனில். திரவ வைனிலை உலோக அச்சுக்குள் ஊற்றிச் சூடாக்குவார்கள். அச்சின் சுவரோடு ஒட்டிய பகுதி மட்டும் தோலாக இறுகும், மிச்சத்தை வெளியே ஊற்றிவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் குறட்டால் பிடித்து இழுத்தால் உள்ளே வெற்றிடமாக ஒரு கால், ஒரு உடல் வந்துவிடும். இழுக்கும்போது வைனில் இளகி நெளியும் என்பதால், உள்நோக்கிக் குடைந்த ஆழமான மடிப்புகளையும் ஒரே துண்டாக எடுக்கலாம். இரண்டாவது, கடினப் பிளாஸ்டிக்கை இரு பாதி உருக்கு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது. இங்கே அச்சு நேர்க்கோட்டில்தான் திறக்கும். குடைவு இருந்தால் துண்டு மாட்டிக்கொள்ளும். ஆகவே மடிப்பை மேலோட்டமாக்க வேண்டும், அல்லது உடலைப் பல துண்டாகப் பிரித்து ஒட்ட வேண்டும். காசு மிச்சம் பிடிப்பவர் மடிப்பை மேலோட்டமாக்குவார். காசு செலவழிப்பவர் துண்டு கூட்டுவார்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். இரு பாதியும் சேரும் கோடு உடம்பின் பக்கவாட்டில் ஓடும். தொடையின் வெளிப்பக்கம், கையின் அடிப்பக்கம், வாலின் ஓரம். விரலால் தடவினால் மேடு தட்டுப்படுகிறதா? அந்தக் கோட்டுக்கு அருகில் செதில்கள் மழுங்கிப்போய், நெஞ்சில் மட்டும் கூர்மையாக இருக்கின்றனவா? மலிவான வார்ப்பில் முன்பக்கம் அழகாகவும் பக்கவாடு வெறுமையாகவும் இருக்கும், ஏனென்றால் விற்பனைப் படம் முன்பக்கத்தைத்தான் காட்டுகிறது. வாயைத் திறந்தும் பாருங்கள். பற்கள் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒரே வெள்ளைக் கோடாக இருக்கின்றனவா? நாக்குக்குக் கீழே ஏதாவது செதுக்கியிருக்கிறார்களா? வாய்க்குள் உழைத்தவர் மற்ற இடத்தில் ஏமாற்றியிருக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

இப்போது மூட்டு. ஆக்‌ஷன் ஃபிகர் என்று ஒன்றை அழைக்க வைப்பதே மூட்டுத்தான், மூட்டு இல்லாவிட்டால் அது சிலை. ஆனால் ஒவ்வொரு மூட்டும் சிற்பத்தில் விழும் ஒரு வெட்டு. தோலை அழகாகச் செதுக்கிய பிறகு, அதன் நடுவில் அறுத்து ஒரு குண்டை வைக்க வேண்டியிருக்கிறது. சிற்பிக்கும் மூட்டுப் போடுபவருக்கும் நடக்கும் இந்தச் சண்டை எப்படி முடிந்தது என்பதுதான் இந்த வகைப் பொம்மையின் தரம் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வரும்.

மூட்டுகளில் அடிப்படையாக மூன்று வகை. வட்டமாகச் சுழல்வது ஒன்று. கதவுக் கீல் மாதிரி ஒரே திசையில் மடிவது ஒன்று. குண்டும் குழியுமாகப் பொருந்தி எல்லாப் பக்கமும் சாய்வது ஒன்று. கொட்ஸில்லாவின் வால் போன்ற இடத்தில் இந்தக் குண்டு மூட்டுகளை வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். பண்டாய் 2011 இல் தொடங்கிய எஸ்.எச்.மொன்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையின் பலம் இப்படி நிறைய மூட்டுகளை உடம்புக்குள் நுழைத்தது. அதன் பழைய உருவங்கள் சிலவற்றில் வால் துண்டு துண்டாக இருப்பது தூரத்திலேயே தெரியும் என்பதும் உண்மை. நெக்கா மறுபக்கம் சாய்ந்தது: மூட்டு குறைவு, தோல் தொடர்ச்சியாக இருக்கும். எது மேல் என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முதலாவது பிடிக்கும், காரணம் நான் அடிக்கடி நிலை மாற்றுகிறவன். அலுமாரியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு இரண்டாவதே சரி.

வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தோல் இயல்பாக மடியும் இடத்தில், செதில் வரிசைக்கு அடியில், தொடை வயிற்றோடு சேரும் பள்ளத்தில் வெட்டை ஒளித்திருந்தால் அது நல்ல கை. நெஞ்சுக்குக் குறுக்கே வட்டத் தட்டு ஒன்று தெரிந்தால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். நேராக நிற்கும்போது மட்டும் பார்க்காமல் வளைத்துவிட்டும் பார்க்க வேண்டும். முழங்கையை மடித்தவுடன் உள்ளே வர்ணம் பூசாத வெறும் பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிகிறதா? மடித்த நிலையில் இடைவெளி வாய் பிளக்கிறதா?

விளம்பரத்தில் முப்பது மூட்டு, நாற்பது மூட்டு என்று போடுவார்கள். அந்த எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். தோளில் அருமையான குண்டு மூட்டு இருக்கும், ஆனால் கையைத் தூக்கினால் முதுகுச் செதிலில் முட்டி நிற்கும். கழுத்தில் இரண்டு மூட்டு இருக்கும், தலை மேலே நிமிராது. அப்படிப்பட்ட மூட்டு எண்ணிக்கைக்கு மட்டும்தான். கர்ஜிக்கும் நிலை, குனிந்து பாயும் நிலை, திரும்பி வாலால் அடிக்கும் நிலை என்று படத்தில் வரும் சிலவற்றை நிறுத்த முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து இறுக்கம். கணுக்கால்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஒரு பாதத்தைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். உடம்பு சேர்ந்து அசைய வேண்டும், தலையும் கையும் தனியாகத் தொங்கக் கூடாது. பிறகு வாலைத் தூக்கிய நிலையில் நிறுத்திவிட்டு அடுத்த நாள் வந்து பாருங்கள். முன்னால் சரிந்திருந்தால் இடுப்பும் கணுக்காலும் தளர்வு. சில தயாரிப்பாளர்கள் வாலை மூன்றாவது காலாக நிலத்தில் ஊன்ற வைக்கிறார்கள், அது ஏமாற்று இல்லை, நல்ல யோசனை. கஷ்டமான பரீட்சை கிங் கிடோராவுக்குத்தான். 1964 இல் திரைக்கு வந்த அந்தப் பிராணிக்கு மூன்று கழுத்து, இரண்டு வால், இரண்டு பெரிய சிறகு. படத்தில் எல்லாவற்றையும் கம்பி கட்டி ஆட்டினார்கள். பொம்மையில் கம்பி இல்லை, சிறகின் பாரம் முழுதும் இரண்டு தோள் மூட்டில் இறங்குகிறது. இப்படிப் பாரமான இடங்களில் திருப்பும்போது கடக் கடக் என்று படிப்படியாக நிற்கும் பல் மூட்டு இருந்தால் நல்லது. கழுத்துக்குள் வளையும் கம்பி வைத்த வகையும் உண்டு. முதலில் சுகமாக இருக்கும், அப்புறம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி உள்ளேயே முறிந்துவிடும்.

மறுபக்கம், இறுக்கம் கூடினாலும் ஆபத்து. புதுப் பொம்மையில் வர்ணம் மூட்டுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பலம் போட்டுத் திருப்பினால் மூட்டின் முளை உள்ளே முறியும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஹெயார் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, அல்லது சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுத்து, மெல்ல இரு பக்கமும் அசைத்தால் விடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

வர்ணத்தில் ஒரு சூட்சுமம். இந்த உருவங்களின் அடிநிறம் பெரும்பாலும் பூசியது இல்லை, பிளாஸ்டிக்கின் சொந்த நிறம். அதன்மேல் நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி மடிப்பைக் காட்டும். காய்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தை லேசாகத் தேய்த்தால் மேடுகள் எழும்பும். இந்த இரண்டும் இல்லாத பொம்மை எவ்வளவு நன்றாகச் செதுக்கப்பட்டிருந்தாலும் ஒரே கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கைதேர்ந்தவர் ஒருவர் பூசிய மாதிரி உருவம். தொழிற்சாலையில் வருவது வேகமாகப் பூசியது, ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். முகத்தை மட்டும் கவனித்தால் போதும்: இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா, பல்லின் வெள்ளை உதட்டில் வழிந்திருக்கிறதா? கடையில் ஒரே மாதிரி நான்கு பெட்டி இருந்தால் நான்கின் முகத்தையும் பார்த்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர் “எல்லாம் ஒண்டுதான் தம்பி” என்பார். ஒன்று இல்லை.

வேறு ஊர்க்காரர் எழுதும் விளக்கங்களில் வராத ஒரு விஷயம் எங்களுடைய வெயில். இந்த உருவங்களின் வெளித்தோல் பெரும்பாலும் பீ.வி.சி. அதை மென்மையாக வைத்திருக்க எண்ணெய்த் தன்மையான ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சூட்டில் அது மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பாகும். மூடிய பெட்டிக்குள் காற்றே படாமல் வைத்தால் இன்னும் கூடும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகும். ஒல்லியான வாலும் நீட்டிய கையும் சூட்டில் தொய்யும். கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும், மூட்டில் இரும்பு ஆணியோ திருகாணியோ உள்ள வகைகளில் துரு பிடிக்கும். சத்தம் போடும், விளக்கு எரியும் வகை என்றால் விளையாடாத நேரத்தில் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். ரெஜிபோமோடு சேர்த்துக் கட்டி வைக்கவும் வேண்டாம், கசியும் அந்த எண்ணெய் ரெஜிபோமை அரித்து பொம்மையில் ஒட்ட வைத்துவிடும். மாரி மழைக் காலத்தில் பெட்டி அட்டையில் பூஞ்சணம் வரும். பெட்டி திறக்காமல் சேகரிப்பவர்கள்தான் இதற்கு அதிகம் அஞ்ச வேண்டும். அவர்களுடைய பொழுதுபோக்கு எனக்கு முழுதாக விளங்கியதில்லை, இருந்தாலும் அலுமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைக்கச் சொல்வேன்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். “சைனாவில் செய்தது” என்று பெட்டியில் இருப்பதால் போலி ஆகிவிடாது, அசலும் பெரும்பாலும் அங்கேதான் செய்யப்படுகிறது. பெரும்பாலான போலிகள் அசல் உருவத்திலிருந்தே அச்சு எடுத்து வார்த்தவை. வார்க்கும் பொருள் ஆறும்போது சுருங்கும் என்பதால் போலி அசலை விடக் கொஞ்சம் சின்னதாக வரும், செதில்களின் கூரும் மழுங்கியிருக்கும். எண்ணெய் பூசினது மாதிரி ஒரு மினுமினுப்பு, பெட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் இரசாயன மணம், மங்கலான அச்செழுத்து எல்லாம் சந்தேகிக்க வேண்டியவை. அசலில் பாதத்தின் அடியிலோ வாலின் கீழோ டோஹோவின் உரிமைக் குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். போலியில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும், அல்லது அழிந்த எழுத்தாக இருக்கும்.

முதன்முதலில் வாங்குபவருக்கு நான் சொல்வது பண்டாயின் மூவி மொன்ஸ்டர் சீரிஸ். 16, 17 சென்ரிமீற்றர் உயர மென்வைனில், மூட்டு நாலைந்துதான், உள்ளே வெற்றிடம் என்பதால் பாரமும் இல்லை. விழுந்தாலும் உடையாது, வீட்டில் சின்னப் பிள்ளை எடுத்தாலும் பயமில்லை. வெளிக்கோட்டையும் வார்ப்பையும் பார்த்துப் பழகிக்கொள்ள அது போதும். பிறகு மொன்ஸ்டர்ஆர்ட்ஸ் அளவுக்குப் போகும்போது விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முகம் நேராக, பாதத்தின் அடி, வாலைத் தூக்கி நிறுத்திய பக்கத் தோற்றம். விளம்பரப் படத்தையே திரும்ப அனுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள்.